மொச்சை உரிக்கும் பெண்ணின் இடது கை

அக்டோபர் 14

இன்று என்னை உள்ளே விட்டார்கள். என் பேனாவைத்தான் விடவில்லை.

ஓவியக்கூடத்துக்குப் பின்பக்கம் ஓர் ஆய்வு நூலகம் இருப்பதே போன மாதம்வரை எனக்குத் தெரியாது. முன்கூட்டியே போன் செய்து, ஆதார் அட்டையைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, பையையும் தண்ணீர் பாட்டிலையும் வாசலில் ஒப்படைத்துவிட்டு, கோயிலில் செருப்பை விட்டுவிட்டுப் போகிற மாதிரி வெறுங்கையோடு போகவேண்டும். பை வாங்கி வைப்பவர் பெயர் ஏகாம்பரம். என் பையை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா இது, காலிப் பை தானா நிக்குது?"

"எங்க அக்கா தைச்சது. எங்க வீட்ல எல்லாமே விறைப்புதான்" என்றேன். சிரித்துக்கொண்டே டோக்கன் கொடுத்தார். வெளியே காடாத்துணி, உள்ளே நீல லைனிங். எத்தனை வருடமாகக் காய்கறி சுமக்கிறது, ஒரு தையல் விட்டதில்லை.

உள்ளே நூலகர் நஸீரா. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. "மை சிந்தினா போச்சு மேடம், இங்க பென்சில் மட்டும்தான்" என்று சொல்லி என் பேனாவை வாங்கிக்கொண்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரையே காதில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் நான். என்னிடம் வந்து ஒரு சின்னப் பெண் பேனாவைப் பிடுங்குவதா! ஆனால் அவளே ஒரு பென்சிலைச் சீவி நீட்டினாள். சண்டை போட முடியவில்லை.

வந்த விஷயத்தைச் சொன்னேன். போன மாதம் பழைய ஆபீஸ் தோழிகளோடு இங்கே சும்மா சுற்றிப்பார்க்க வந்தேன். மாடியில் கடைசிச் சுவரில் ஒரு படம். பச்சைத் தாவணி கட்டிய பெண், ஜன்னல் ஓரம், மடியில் முறம், மொச்சை உரிக்கிறாள். முகம் உர்ரென்று இருக்கிறது. கீழே, 'மொச்சை உரிக்கும் பெண். ஓவியர் பெயர் தெரியவில்லை. 1980கள்.'

அந்தப் பெண் நான்தான். வரைந்தது என் அக்கா குமுதவல்லி.

அந்தக் குறிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. 'இடது கை வேண்டுமென்றே முடிக்கப்படாமல் விடப்பட்டு, ஓயாத வீட்டுவேலையை உணர்த்துகிறது.' ஐயோ சாமி. நான் மேட்னி ஷோவுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து ஓடிவிட்டேன். அதனால் முடிக்கப்படாமல் விடப்பட்டது.

நஸீரா சிரிக்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மேடம், கொஞ்சம் கோவமா பாருங்களேன்" என்றாள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "ஆமா, அதே முகம்தான்" என்றாள்.

ஆனால் முகத்தைக் காட்டினால் போதாதாம். பெயர் போடவேண்டுமானால் ஆதாரம் வேண்டுமாம். தேடலாம், நான் உதவி செய்கிறேன் என்றாள்.


அக்டோபர் 15

அக்காவுக்குக் காலை, மதியம், இரவு சொட்டு மருந்து. போன மாத இறுதியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்குத் தை மாதம். அதுவரை அடுப்பங்கரைப் புகை கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூடாது என்பதையெல்லாம் வரிசையாகச் செய்கிறாள்.

நூலகத்துக்குப் போவதை அவளிடம் சொல்லவில்லை. யோகா வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நானே எழுதிவைத்துக்கொள்கிறேன். எண்பத்து நாலில் யாரோ ஒரு கலைச் சங்கத்துக்காரர் வீட்டுக்கு வந்து, கண்காட்சியில் வைக்கிறேன் என்று அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். படமும் திரும்பவில்லை, ஒரு தகவலும் இல்லை. அக்கா ஒரு வருடம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இல்லைன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க என்று அவளே முடிவு கட்டினாள். அப்பா போனதும் அவருடைய தையல் கடையில் உட்கார்ந்தாள். பிறகு தூரிகையைத் தொடவில்லை. இப்போது நான் பாதிச் செய்தியைச் சொல்லி, அதுவும் ஒன்றுமில்லாமல் போனால்? இன்னொரு முறை அவள் வாசலைப் பார்ப்பதை என்னால் பார்க்கமுடியாது.


அக்டோபர் 17

நூலகத்தில் ஓவியர் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை. பத்திரிகைத் துணுக்கு, அழைப்பிதழ், போட்டோ எல்லாம் அதில். குமுதவல்லி என்று ஓர் உறையும் இல்லை. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் 'கு' வரிசையை இன்னொரு முறை புரட்டிப் பார்த்தேன்.

பிறகு நஸீரா படத்தின் கோப்பை எடுத்துவந்தாள். ஒரு டாக்டர் குடும்பம் நன்கொடையாகக் கொடுத்ததாம். அவர்களுக்கும் யார் வரைந்தது என்று தெரியாது. கோப்பில் படத்தின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு பார்க்கச் சொன்னாள். நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு தையல். 'பழுதுபார்த்த தையலாக இருக்கலாம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"இது கிழிசல் தைச்சது இல்லம்மா. துணி அகலம் பத்தாம ரெண்டு துண்டை ஒட்டுப் போட்டது. பேன்ட்டுக்குப் போடுற பட்டைத் தையல். எங்கப்பா மிஷின்ல அக்கா போட்டது. பெரிய துணி வாங்க எங்க வீட்ல ஏது வழி?"

நஸீரா அதைப் பென்சிலால் குறித்துக்கொண்டாள். "இது நல்ல விஷயம் மேடம். இதே மாதிரி ஒட்டுப் போட்ட துணியில உங்க அக்கா வரைஞ்ச வேற படம் ஒண்ணு கிடைச்சா, எங்க காப்பாட்சியர் கிட்ட தைரியமா பேசுவேன்" என்றாள்.

வேறு படம் எங்கே இருக்கிறது? ஒன்றும் இல்லை.

வரும் வழியில் பென்சில் ஒரு பெட்டி வாங்கினேன். யாரிடமும் கைநீட்டுவது எனக்குப் பிடிக்காது.


அக்டோபர் 18

மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. புழுக்கம். கத்தரிக்காய் எல்லாம் சொத்தை.


அக்டோபர் 22

அக்கா இன்று ஓர் ஆசனம் செய்து காட்டச் சொன்னாள். "இவ்ளோ நாள் போறியே, ஒண்ணு செஞ்சு காட்டேன்டி செம்பா." சவாசனம் செய்து காட்டினேன். அது மட்டும்தான் எனக்கு வரும். நன்றாகத் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னத்த பார்க்குற?"

"கண்ணு புதுசுடி. பார்க்கணும்ல."

மடியில் எதையோ முந்தானையால் மூடினாள். முறுக்காக இருக்கும். சர்க்கரையை ஏற்றிக்கொண்டு பிறகு என் உயிரை வாங்குவாள்.

வாங்கிய பென்சில்களில் இரண்டைக் காணோம்.


அக்டோபர் 24

அந்தக் கண்காட்சியின் அழைப்பிதழ் கிடைத்துவிட்டது! நஸீரா நான்கு பெட்டிகளை என் முன்னால் வைத்தாள். தூசி ஏறித் தும்மித் தும்மி, கடைசிப் பெட்டியில். எண்பத்து நாலு, ஆகஸ்ட். அதே சங்கம். பங்குபெறும் ஓவியர்கள் என்று போட்டு, வரிசையாகப் பெயர்கள். எல்லாம் ஆண்கள். விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தேன். கடைசியில், 'மற்றும் பலர்.'

பலர்! என் அக்கா இத்தனை வருடமாகப் 'பலர்' ஆக இருந்திருக்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று விதி வைத்தவன் மகராசன், இல்லாவிட்டால் அந்தச் சங்கத்துக்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பேன்.

நஸீரா என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தாள். ஏகாம்பரமும் வந்தார். "அட இன்னாமா, படம் செவுத்துல தொங்குதுல்ல? பேரு ஓடியா போவப்போவுது?" என்றார். அது வாஸ்தவம்தான். அந்தப் படம் தூக்கிப் போடப்படவில்லை. ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறார். பிறகு ஊரே பார்க்கட்டும் என்று கொடுத்திருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது.


அக்டோபர் 29

இன்னொரு பென்சிலும் போயிற்று. இருப்பதும் கட்டையாகத் தேய்ந்திருக்கிறது. நான் எழுதுவது நாளைக்கு நாலு வரி. எலி தின்கிறதோ என்று பொறி வைத்தேன். அக்கா பொறியைப் பார்த்துவிட்டு, "யோகாவுக்கு எதுக்குடி பென்சில்?" என்றாள். மூச்சை எண்ணிக் குறித்துக்கொள்ள என்றேன். "ஓகோ" என்றாள். அந்த ஓகோ எனக்குப் பிடிக்கவில்லை.

தினசரி காலண்டர் தாளையும் காணோம். கிழிக்கிற தாளையெல்லாம் மளிகைக் கணக்கு எழுதச் சேர்த்துவைப்பேன். எங்கே போகிறது?


அக்டோபர் 31

தீபாவளி. எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அக்கா என் தலையில் இரட்டிப்பாகத் தேய்த்தாள். அவள் விரலெல்லாம் கரி. "அடுப்புல கை பட்டுது" என்றாள். கேஸ் அடுப்பில் கரி ஏது என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது.

ராத்திரி மத்தாப்பு பார்த்துவிட்டு, "பச்சை இவ்ளோ பச்சையாவா இருந்துச்சு? இவ்ளோ நாளா பழுப்புன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றாள். நான் எழுந்து போய் பாத்திரம் தேய்த்தேன்.


நவம்பர் 6

காப்பாட்சியர் ஜெயசீலனைப் பார்த்தேன். மரியாதையான மனிதர். உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டார். "நீங்க சொல்றதை நான் நம்புறேம்மா. ஆனா குடும்பத்துக்காரங்க சொல்றதை வெச்சு மட்டும் பேர் போட்டா, நாளைக்கு வேற ஒரு குடும்பமும் வரும்" என்றார். அதுவும் நியாயம்தானே? எனக்கு நியாயமானவர்கள்மேல்தான் அதிகம் கோபம் வருகிறது. திட்ட முடியாதே.

மாடிக்கூடத்தை மறுபடி அமைக்கிறார்கள். எல்லாப் படத்துக்கும் புதுப் பெயர்ப்பலகை, கூடவே ஒரு புத்தகம். பதினாறாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு துண்டுப் படமாவது வேண்டும். இல்லையென்றால் புத்தகத்திலும் 'தெரியவில்லை' என்று ஏறிவிடும். ஏறினால் பிறகு யார் மாற்றப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்து, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "ஏன்க்கா, உன் பழைய படமெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் துணியாப் போச்சுடி" என்றாள்.

கந்தலாகிவிட்டது என்று அர்த்தம். இருந்தாலும் அவள் தூங்கும்போது பரணில் ஏறிப் பார்த்தேன். பித்தளை அண்டா, அப்பாவின் கத்தரிக்கோல், உடைந்த காத்தாடி. வேறு ஒன்றும் இல்லை.


நவம்பர் 9

இடுப்பு பிடித்துக்கொண்டது. யோகாவில் பிடித்தது என்றேன். "வேணாம்டி அந்த யோகா" என்று தைலம் தேய்த்துவிட்டாள்.


நவம்பர் 12

ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையிலிருந்து பேய்மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். இனி போய் என்ன ஆகப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் வீட்டில் உட்கார்ந்தால் அக்கா முகத்தைப் பார்க்கவேண்டும். ஆகவே போனேன். சொட்டச் சொட்ட நின்ற என்னிடமிருந்து பையை வாங்கிய ஏகாம்பரம், "உள்ள குட்டையே கட்டிகீது" என்று அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

உள்ளே நானும் நஸீராவும் கடைசிப் பெட்டிகளைப் பார்த்து முடித்தோம். ஒன்றும் இல்லை. "நான் வேணும்னா புக்ல ஒரு அடிக்குறிப்பு போடச் சொல்றேன் மேடம்" என்றாள். சரி என்றேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். அவளும் வாசல்வரை வந்தாள்.

வாசலில் ஏகாம்பரம் என் பையை உள்வெளியாகத் திருப்பி, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி முதுகில் மாட்டியிருந்தார். ஈரத்தில் நீல லைனிங் அடித்தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. "காயட்டும்னு போட்டேன்மா, நீ கோச்சிக்காத" என்றார்.

நஸீரா சட்டென்று நின்றாள். "அண்ணே, ஃபேனை நிறுத்துங்க. யாரும் தொடாதீங்க" என்றாள்.

நிறுத்தினார். நஸீரா கீழே உட்கார்ந்து, லைனிங்கை இரண்டு விரலால் மெல்லத் தூக்கினாள். உள்ளே வண்ணம். கறை இல்லை, சாயம் இல்லை, வண்ணம். ஒரு ஜன்னல். நீலக் கம்பிகள். மாடிப் படத்தில் இருக்கிறதே, அதே ஜன்னல். அதன் ஓரம் தையல் மிஷின் சக்கரத்தின்மேல் ஓர் ஆணின் கை, நடுவிரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டும் பித்தளை அங்குஸ்தான். எங்கப்பா கை. அதற்குக் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு பட்டைத் தையல்.

துணியாப் போச்சுடி என்றாளே. கந்தலாகவில்லை. அவள் தன் படங்களை வெட்டிப் பையாகத் தைத்திருக்கிறாள். வண்ணம் உள்பக்கம், அதன்மேல் லைனிங். யாரும் பார்க்கக்கூடாதென்று மூடியும் இருக்கிறாள், அழியக்கூடாதென்று காப்பாற்றியும் இருக்கிறாள். பை ஏன் தானாக நிற்கிறது என்று முதல் நாளே இந்த மனிதர் கேட்டார். இத்தனை வருடம் நான் அதில் முருங்கைக்காய் சுமந்திருக்கிறேன்!

"ஒவ்வொரு தடவையும் உள்ள விடமாட்டேன்னு நான்தானேம்மா வாங்கி வெச்சேன்" என்று ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

ஜெயசீலன் இறங்கி வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், மாடிக்குப் போனார், திரும்பி வந்தார். "உங்க அக்காவை வரச் சொல்லுங்கம்மா. அவங்க வாயால ஒரு வார்த்தை, அது போதும்" என்றார்.

பை இங்கேயே இருக்கட்டும், பக்குவமாகக் காயவைக்கவேண்டும் என்றார்கள். இத்தனை நாள் வாசலோடு நின்ற பை உள்ளே போனது. நான் பிளாஸ்டிக் கவரோடு வெளியே வந்தேன். டோக்கன் என் கையிலேயே இருக்கிறது.

அக்காவிடம் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது?


நவம்பர் 13

சொல்லிவிட்டேன்.

மதியம் சொட்டு மருந்து விட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருப்பாள். அந்தச் சமயம் பார்த்து ஆரம்பித்தேன். யோகா இல்லை என்றேன். "தெரியும்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"என்ன தெரியும்?"

"நீ படம் வரையக் கத்துக்கப் போறேன்னு. யோகாவுக்குப் போறவ பென்சிலைச் சீவி எடுத்துட்டா போவா? இந்த வயசுல சொல்ல வெக்கப்படுறேன்னு நினைச்சேன். உனக்குக் கோடே வராதே, பாவம், ரெண்டு நாள் சொல்லித் தரலாம்னு... என் கை இன்னும் வருதான்னு பார்த்தேன்."

தலையணைக்குக் கீழேயிருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்தாள். எல்லாம் காலண்டர் தாள், பின்பக்கம் பென்சில் படம். நான் சவாசனத்தில் வாய் பிளந்து தூங்குகிறேன். நான் எலிப்பொறி வைக்கிறேன். நான் பாத்திரம் தேய்க்கிறேன், முதுகு மட்டும்; அந்த முதுகைப் பார்த்தால் அழுகிறது என்று தெரிகிறது. ஒவ்வொன்றிலும் நான். முதல் சில தாள்களில் கோடு தடுமாறுகிறது. பிறகு தடுமாறவில்லை. என் பென்சில்கள்!

இதையெல்லாம் பார்த்த பிறகு எனக்குச் சொல்வது எளிதாக இருந்தது. படம் எங்கே தொங்குகிறது, யார் வாங்கினார்கள், பையில் என்ன கிடைத்தது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கண்ணோரம் வழிந்தது மருந்தா வேறா தெரியவில்லை. துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள்.

"தூக்கிப் போடலையா?" என்றாள்.

"இல்லக்கா."

"அந்த இடது கை... அது அப்படியேதான் இருக்கா? சரியா வரவேயில்லடி அது. நீ எழுந்து ஓடிட்ட."

"அப்படியேதான் இருக்கு. அதுக்கு ஒரு விளக்கம் வேற எழுதி வெச்சிருக்காங்க."

விளக்கத்தைச் சொன்னேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆபரேஷன் செய்த கண், அப்படிச் சிரிக்கக் கூடாது. கூடாது என்பதையெல்லாம் செய்பவள்தானே.


நவம்பர் 14

அக்காவைக் கருப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஏகாம்பரம் எழுந்து நின்று கும்பிட்டார். மாடிக்குப் போனோம். படத்துக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றாதே என்று நானும் சொல்லவில்லை.

நின்றாள், நின்றாள், அப்படி நின்றாள். நஸீரா ஒரு நாற்காலி கொண்டுவந்து பின்னால் வைத்துவிட்டுத் தள்ளிப் போனாள். அக்கா உட்காரவில்லை. "மூக்கு நல்லா வந்திருக்கு" என்றாள் கடைசியில்.

கீழே நூலகத்தில் ஒரு படிவம். நஸீரா பழக்கதோஷத்தில் பென்சில் எடுக்கப் போனாள். அக்கா கொண்டையிலிருந்து ஒன்றை உருவினாள். கட்டையாகத் தேய்ந்தது, என்னுடையது. பெயர் எழுதினாள். நஸீரா ஒரு புது உறையில் அதே பெயரை எழுதி, "உள்ள வைக்க ஏதாவது குடுங்கம்மா" என்றாள். அக்கா கைப்பையிலிருந்து ஒரு காலண்டர் தாளைக் கொடுத்தாள். நான் சவாசனத்தில் வாய் பிளந்து தூங்குவது. வேறு படமே கிடைக்கவில்லையா இவளுக்கு!


நவம்பர் 16

அச்சுக்குப் போய்விட்டது. நஸீரா போனில் படித்துக் காட்டினாள். 'மொச்சை உரிக்கும் பெண். ஓவியர்: குமுதவல்லி. 1984.' இடது கை விளக்கத்தை எடுத்துவிட்டார்களாம். அக்காதான் எடுக்கச் சொன்னாளாம், ஏனென்றால் அது இன்னும் முடியவில்லையாம்.


நவம்பர் 24

மார்க்கெட்டில் புது மொச்சை வந்திருக்கிறது. அக்கா புதிதாகத் தைத்த பையில் வாங்கிவந்தேன். இது தானாக நிற்காது, தொளதொளவென்று விழுகிறது.

வந்ததும் முறத்தை மடியில் வைத்து ஜன்னலோரம் உட்காரச் சொல்லிவிட்டாள். எதிரே பலகை, பலகைமேல் முழுத் தாள், நஸீரா வாங்கிக் கொடுத்தது. இடது கையை மட்டும் அசைக்கக் கூடாதாம். வலது கை சும்மா இருக்கிறதே என்று இதை எழுதுகிறேன். இப்போது எனக்கும் பென்சில்தான், அவள் மிச்சம் வைத்தது.

"முகத்தை உர்ருன்னு வெச்சுக்காதடி" என்கிறாள்.

"வெச்சுக்கல."

"நேரமாச்சா? எங்கயாச்சும் போகணுமா?"

"எங்கயும் போகல. நீ மெதுவா போடு" என்றேன்.